மாற்றுச் சாவி எங்கே?

போன மாதம் வேறொரு மாவட்டத்திலிருந்து இளம் அலுவலர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. என் எண்ணை யாரிடம் வாங்கினாரோ தெரியவில்லை. வெயில், வெள்ளம், மண்சரிவு, காட்டுத்தீ என்று ஒரு நகரத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளையெல்லாம் சேர்த்து மதிப்பிடும் வேலைக்கு அவர் புதிதாக வந்திருக்கிறார்.

"சார், வீடு வீடாக் கேக்கவேண்டிய படிவத்துல ஒரு கேள்வி இருக்கு. 'வீடு பூட்டியிருந்தால், மாற்றுச் சாவி எங்கே?'ன்னு. வெள்ளத்துக்கும் சாவிக்கும் என்ன சார் சம்பந்தம்? வேற ஏதோ படிவத்துல இருந்து வந்து ஒட்டிக்கிச்சோன்னு கேட்டேன். போடியில ஒருத்தர் இருக்காரு, அவரையே கேளுங்கன்னு சிரிச்சாங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் எழுதிக் கொடுத்த ஆயிரம் கோப்புகளில் எது எங்கே கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? இந்த ஒரு கேள்வி மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. "தம்பி, அது தவறிப்போய் ஒட்டிக்கொண்டது இல்லை. நான் பண்ணின தப்பினால் வந்தது" என்று ஆரம்பித்தேன். அவர் காது சுடும் வரை பேசினேன். எங்கள் வீட்டம்மாதான் வந்து, "அந்தப் பிள்ளைய விடுங்க, சோறு திங்கட்டும். எழுதி வச்சீங்கன்னா வேணுங்கிறவங்க படிச்சுக்கிருவாங்க" என்று போனைப் பிடுங்கினார். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஏலக்காய் வியாபாரிகள். அத்தா ஒரு பிடி காயை அள்ளி உள்ளங்கையில் உருட்டியே தரம் சொல்லிவிடுவார். அண்ணன்மார் மூவரும் அதே வழி. நான் மட்டும் சர்வேயர் வேலைக்குப் போனேன். "காய அளக்குற குடும்பத்துல மண்ண அளக்க ஒருத்தன்" என்று அத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சங்கிலி பிடித்து அளக்கப் பழகியது, வெயிலில் கருவியைத் தோளில் சுமந்தது, ஊர் ஊராக மாற்றல் வாங்கியது எல்லாம் மற்ற சர்வேயர்களுக்கு நடந்த மாதிரியே எனக்கும் நடந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலையின் கடைசி சில ஆண்டுகளில் சொந்த ஊரான போடிக்கே வந்து சேர்ந்தேன். அப்போதுதான் இந்த ஆபத்து மதிப்பீட்டுக் குழுவில் என்னைப் போட்டார்கள்.

குழுவுக்குத் தலைவர் ரெஜினா மேடம். பொறியாளர், வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் அவர் அதை விரித்துப் பார்த்தவர்கள் கிடையாது. குடையின் கம்பில் அங்குலம் அங்குலமாகக் கோடு கீறி வைத்திருந்தார். எந்தத் தெருவுக்குப் போனாலும் சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறையைத் தேடி, குடையை நிமிர்த்தி வைத்து உயரம் பார்ப்பார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. படிவத்தில் நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்திருந்தால் 'ப'. அளந்திருந்தால் 'அ'. யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் 'கே'. பக்கம் முழுக்க 'கே' இருந்தால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். "நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க, காசிம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஐந்து சொல்லுக்குப் பயந்து என் செருப்பு தேய்ந்தது.

ஆபத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடித் தாள். ஊர் வரைபடத்தின் மேல் அதை விரித்து, ஆபத்துக் குறைவான இடத்துக்கு வெளிர் நிறமும் கூடுதலான இடத்துக்கு அடர் சிவப்பும் தீட்டுவோம். வெயிலுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, தீக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று, குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு ஒன்று. எல்லாவற்றையும் அடுக்கி, கீழே விளக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கே சிவப்பு திரளுகிறதோ அந்தத் தெருவுக்குத்தான் முதலில் வேலை நடக்கும். இப்போது எல்லாம் கணினியில் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. நாங்கள் முதல் முறை செய்தபோது கையால்தான் செய்தோம். நிறம் தீட்டும்போது வெறும் தண்ணீர் உயரத்தை மட்டும் பார்க்க மாட்டோம். தண்ணீர் வரும் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் போடுவோம். ஆளே இல்லாத இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் வந்தாலும் வெளிர் நிறம்தான்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

எனக்குக் கொடுத்த தெருக்களில் ஒன்று ஓடையை ஒட்டி இருந்தது. ஓடைக்கரைத் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் குடும்பங்கள். விடியும் முன்பே தெருமுனையில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும் சாக்குமாகப் பெண்கள் ஏறுவார்கள். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டைக் கடந்து அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில் இறங்கி, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள். பகலில் போனால் தெருவில் வரிசையாகப் பூட்டுத்தான் தொங்கும். போடியில் பிறந்தவனுக்கு இது தண்ணீர் குடிக்கிற மாதிரி தெரிந்த விஷயம். வெளியூர்க்காரன் என்றால் பூட்டைப் பார்த்து, "எங்கே போனார்கள்?" என்றாவது கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. மலைக்குப் போயிருக்கிறார்கள், பகலில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவுக்குக் கதவு சாக்பீஸால் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன். படிவத்திலும் அதையே எழுதி, ஓரத்தில் தைரியமாக 'ப' போட்டேன்.

தெருக்கோடி வீட்டுக் கதவில் எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"யாருய்யா அது, கதவுல கிறுக்குறது?"

சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. கதவில் கைப்பிடி அளவுக்குப் பெரிய பூட்டுத் தொங்குகிறது. "உள்ளே யாரு?" என்றேன்.

"வெளிய யாருன்னு நான் கேக்குறேன். நீங்க உள்ள யாருன்னு கேக்குறீங்க. நல்லாருக்கு கத. சன்னல் பக்கம் வாங்க."

சன்னலை ஒட்டிக் கட்டில். அதில் ஒருவர் படுத்திருந்தார். வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். பெயர் முத்தையா. தோட்டத்தில் ஏலச்செடிக்கு மேலே நிழல் மரத்தின் கிளையைக் கழிக்க ஏறியவர், விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மனைவி பாண்டியம்மா காய் எடுக்கப் போய்த்தான் குடும்பம் ஓடுகிறது.

"உங்களை உள்ளே வைத்தா பூட்டிவிட்டுப் போகிறார்?" என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"அவளத் திட்டாதீங்க பாய். பூட்டாட்டி இந்தக் கதவு நிக்காது. ஆடு உள்ள வந்து அரிசியத் திங்கும். நான் படுத்துக்கிட்டே சூ சூன்னு வெரட்டுவேன். அது என்னயப் பாத்துக்கிட்டே திங்கும்."

"சாவி?"

"அவ இடுப்புல. மலையில."

"இன்னொரு சாவி இருக்குமே?"

முகவாயால் எதிர்ச்சுவரைக் காட்டினார். ஆணியில் தொங்கியது. அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டேயிருக்கலாம், எட்டி எடுக்க முடியாது.

"ஓடையில தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்துச்சே. போன தடவ கட்டிலத் தொட்டுருச்சு. அப்பறம் பாண்டி கட்டில் காலுக்குச் செங்கல் வச்சிருக்கா. அந்தச் செங்கல் உயரம் வரைக்கும் எனக்குப் பயமில்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கேட்டார்: "பாய், இந்தத் தெரு பூரா எழுதிக்கிட்டே வர்றீங்களே, சத்தம் கேட்டுச்சு. ஒரு கதவயாச்சும் தட்டுனீங்களா?"

தட்டவில்லை. ஒன்றைக்கூடத் தட்டவில்லை. பூட்டின கதவை யார் தட்டுவார்கள்?

திரும்பி நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒரு வீட்டுக்குள்ளிருந்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரி முழுக்கத் தீ போட்டுவிட்டுத் தூங்கும் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் திட்டினார். இன்னொரு வீட்டுக்குள் அம்மை போட்டிருந்த இரண்டு பிள்ளைகள். இன்னொன்றில் கண் தெரியாத ஓர் அம்மா, "யாரு, போஸ்ட்மேனா?" என்று கேட்டார். தட்டத் தட்ட உள்ளிருந்து குரல்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனை கதவிலும் 'ஆள் இல்லை' என்று என் கையெழுத்து இருந்தது. சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே வந்தேன்.

மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கி, ஓரத்தில் வரிசையாக நின்ற 'ப'க்களைப் பார்த்தார்.

"காசிம், நீங்க பார்த்தது பூட்டைத்தானே? ஆள் இல்லைங்கிறதை எப்படிப் பார்த்தீங்க?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அழிரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இந்தத் தெரு மட்டும் இல்லை. ஊர்ல பூட்டுன்னு எழுதின எல்லா வீட்டுக்கும் திரும்பப் போகணும். நானும் வர்றேன்."

போனோம். அந்தச் சுற்றில்தான் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் கிழித்து, 'மாற்றுச் சாவி எங்கே?' என்று எழுதிக்கொண்டேன். மேடம் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை. மறுநாள் விடியும் நேரம் ஜீப் நிற்கும் இடத்துக்கு அவரே வந்துவிட்டார். ஏறப்போன ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டார்.

"சாவி எங்கேம்மா?"

"இடுப்புலம்மா."

"இன்னொரு சாவி?"

"வீட்டுக்குள்ள."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். நாலாவது ஆள் சொல்லும் முன்பே ஜீப் முழுக்க "வீட்டுக்குள்ள!" என்று கோரஸாகக் கத்திச் சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். "என்னோடதும் குவார்ட்டர்ஸுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

அப்போது பாண்டியம்மா ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். "மழை பேஞ்சு மெட்டு ரோட்டுல கல்லு விழுந்துருச்சுன்னா நாங்க இறங்க முடியாதும்மா. நாங்க மேல, சாவி மேல, அந்த மனுசன் கீழ. அந்த நெனப்புலயேதான் காய் எடுக்குறேன்."

ஜீப் கிளம்பிப் போன பிறகும் மேடம் அங்கேயே நின்றார். அலுவலகத்துக்கு வந்ததும் விளக்கு மேசையைப் போட்டார். எங்கள் வரைபடம் ஊர் எல்லையோடு முடிந்திருந்தது. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேசையின் பலகைதான் தெரிந்தது. மெட்டுச் சாலையில் சரிவு வருமா என்பதைக் கணக்கிட வேறு ஆட்கள் இருந்தார்கள். அது வேறு கோப்பு. அவர்கள் கணக்கில் சாலை அடைபட்டால் வண்டிகளுக்குத் தாமதம், அவ்வளவுதான். எங்கள் கணக்கில் தெருவில் முழங்காலளவு தண்ணீர், அவ்வளவுதான். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சில்லறை ஆபத்து. ஒரே மழை இரண்டையும் ஒரே மத்தியானத்தில் செய்துவிட்டால் என்ன ஆகும் என்று எந்தத் தாளிலும் இல்லை.

"ஒட்டுங்க" என்றார் மேடம். ஊர்த் தாளின் மேற்கு ஓரத்தில் இன்னொரு தாளை ஒட்டி, போடிமெட்டு வரை சாலையையும், ஓடை பிறக்கிற சரிவையும் வரைந்தேன். வரைபடம் மேசையைவிட்டு வெளியே தொங்கியது.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. மலையில் மழை பிடித்தால் எவ்வளவு நேரத்தில் ஓடைக்கரைத் தெருவுக்குத் தண்ணீர் வரும்? மேடத்துக்கு 'அ' வேண்டும். ஒரு வருடத்துக்கும் மேலாக, மேலே மழை என்று ஜீப் டிரைவர் ராசு போன் பண்ணும்போதெல்லாம் நான் ஓடைப் பாலத்தில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். முதலில் வந்த மழைகளில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாலும் தண்ணீர் எனக்குப் பிறகுதான் வரும். அடுத்த மாசியில் அந்தச் சரிவில் தீப்பிடித்துப் புல்லெல்லாம் கரிந்தது. அதற்குப் பிறகு பெய்த முதல் மழைக்கு நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை, கறுப்பாகச் சாம்பலைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. அதே மாதிரி மழைதான், பாதி நேரம்கூட ஆகவில்லை. தடுத்து நிறுத்தப் புல் இல்லை, மண் சுட்டு இறுகிப்போய்விட்டது. வெயில் கூடினால் தீ, தீக்குப் பிறகு மழை என்றால் வெள்ளம், அதே மழையில் சரிவு. நாங்கள் தனித்தனித் தாளில் தீட்டிவைத்தவை வெளியே கைகோத்துக்கொண்டு நடந்தன. கடிகாரத்தைப் பார்த்து எழுதிய அந்த வரிசை முழுவதற்கும் 'அ' போட்டுக் கொடுத்தபோது மேடம் முதல் தடவையாக "நல்லா வந்திருக்கு" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நான் நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

பிறகு மேலதிகாரிகள் கூட்டம். குளிரூட்டிய அறை, பெரிய திரை. ஓடைக்கரைத் தெரு பழைய கணக்குப்படி வெளிர் நிறத்தில் இருந்தது. நாங்கள் அடர் சிவப்பு கேட்டோம். தலைநகரிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி எங்கள் அறிக்கையைப் புரட்டி, "பூட்டு ஒரு இயற்கை ஆபத்தா? இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்து, "காசிம் சொல்லுவார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். வாயில் வந்ததைக் கேட்டேன். "சார், உங்க வீட்டு மாத்துச் சாவி இப்ப எங்க இருக்கு?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு யோசித்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் யோசித்தார். அறை முழுக்க ஒவ்வொரு முகமாக மாறுவதை நான் நின்று அனுபவித்துப் பார்த்தேன். "வீட்டுக்குள்ள" என்று அவரே சொன்னார். "உள்ளே உங்க அப்பா நடக்க முடியாமப் படுத்திருக்காருன்னு வச்சுக்கங்க சார். நீங்க இங்க இருக்கீங்க. ரோடு அடைச்சிருச்சு" என்றேன். அதற்கு மேல் பேசத் தெரியவில்லை. அவர் பேனாவை எடுத்து, எங்கள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கேள்வியைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். வெளியே வந்ததும் நான் செய்த முதல் காரியம் நாலு புரோட்டா சாப்பிட்டது.

தெரு சிவப்பானதும் ஓடைக்குக் கரை கட்டும் வேலை பட்டியலில் ஏறியது. அது வருகிறபோது வரட்டும், அதுவரை சாவிக்கு வழி வேண்டுமே. தெருவின் மேட்டுப் பக்கம் ஒரு மாவு மில் இருந்தது. சண்முகத்தாய் அக்காவின் மில். காலையில் ஜீப்புக்கு முன்பே திறந்துவிடுவார், சாயங்காலம் வரை அங்கேயேதான் இருப்பார். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, குசலம் விசாரித்தாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அங்கே ஒரு பலகை அடித்தோம். மேல் வரிசை ஆணிகளுக்குச் சிவப்பு, கீழ் வரிசைக்கு வெள்ளை. மாற்றுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். ஜீப்புக்குப் போகிற வழியில், இன்றைக்கு உள்ளே ஆள் உண்டு என்றால் சாவியைச் சிவப்பில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் வெள்ளை.

பெண்கள் முதலில் சம்மதிக்கவில்லை. "சாவியக் குடுத்துட்டு மலையில நிம்மதியா காய் எடுக்க முடியுமா பாய்?" என்றார்கள். சண்முகத்தாய் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி, ஒங்க வீட்டுல களவாண்டு போக என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அரைக்கப் போட்ட அரிசியவே பத்து நாளா எடுக்காமக் கெடக்கீங்க. சாவிய மாட்டிட்டுச் சோலியப் பாருங்கடி" என்றார். மாட்டினார்கள்.

அந்தச் சித்திரையில் வந்தது அந்த நாள். மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. மலை மேல் மட்டும் கறுத்திருந்தது. மூன்று மணி வாக்கில் ராசு மெட்டிலிருந்து கூப்பிட்டார்.

"பாய், ரோட்ட மறிச்சுப் பாறையும் மரமுமா விழுந்து கெடக்கு. ஜீப்பு ஒண்ணும் இறங்காது. நம்ம தெருப் பொம்பளைக எல்லாம் இந்தப் பக்கந்தான் நிக்கிறாங்க. மழைன்னா மழை, ஊத்து ஊத்துன்னு ஊத்துது. வெரசாப் போங்க!" அத்தோடு லைன் அறுந்தது.

மேடத்துக்குச் சொல்லிவிட்டு மொபெட்டை முறுக்கினேன். தெருவில் வெயில் காய்ந்தது. ஓடைக்குள் ஆடு மேய்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள், "பாய்க்கு வெயிலு தலைக்கு ஏறிருச்சு" என்று சிரித்தார்கள். நான் மில்லுக்குள் ஓடி, "அக்கா, சிவப்பு" என்றேன்.

அவர் மிஷினை நிறுத்தினார். பகலில் அந்தச் சத்தம் நின்று யாரும் கேட்டதில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. சிரித்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். சிவப்பு வரிசைச் சாவிகளை அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வீட்டுப் பெயரைக் கத்திக் கத்திக் கொடுத்தார். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, எந்தக் கதவையும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஸ்டோர்க்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். கண் தெரியாத அம்மாவைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல் பிள்ளை ஒன்று போர்வையோடு வந்தது.

நான் முத்தையாவின் சாவியோடு ஓடினேன். சாவி பூட்டுக்குள் போகவே இல்லை.

"பாய், அது பழைய பூட்டுச் சாவி" என்றது உள்ளிருந்து குரல். "பூட்டு துருப்புடிச்சுப் போச்சுன்னு முந்தாநாள்தான் பாண்டி புதுசு வாங்குனா. மாத்துச் சாவிய இன்னிக்கிக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே மறந்துட்டுப் போயிட்டா."

"மாத்துச் சாவி எங்கே?"

"எங்க இருக்கும்? உள்ள, ஆணில."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தெருமுனையிலிருந்து மேடத்தின் குரல் கேட்டது. அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். "காசிம்! தண்ணி வந்தாச்சு!"

ஓடையில் கறுப்பாக, சுள்ளியும் சாம்பலுமாகப் புரண்டு வந்தது. ஸ்டோர்க்காரர் மில்லிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்தார். பூட்டு அசையவில்லை. "புதுப் பூட்டுய்யா, கீலப் பாருங்க, அதுதான் ஆடிப்போயிருக்கு" என்று முத்தையா உள்ளிருந்து யோசனை சொன்னார். கீலில் கொடுத்து நெம்பினோம். மூன்றாவது நெம்பில் கதவு பூட்டோடு சேர்ந்து தெருவில் விழுந்தது. நாலு பேர் கட்டிலோடு அவரைத் தூக்கினோம். இறங்கும்போது தண்ணீர் கணுக்காலில், மில் படியில் ஏறும்போது முழங்காலில். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கதவு ஓடையோடு போய்க்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் அவர் வீட்டுச் சன்னலின் பாதிக்குத் தண்ணீர் நின்றது. செங்கல் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

சிவப்பு வரிசையில் ஒரு சாவிகூட இல்லை. மேடம் மில்லுக்குள் இருந்த ஆட்களை எண்ணினார். நான் எண்ணினேன். அக்கா எண்ணினார். மூன்று கணக்கும் ஒன்றாக இருந்தது. ஒருவர்கூடக் குறையவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கப்படவில்லை. மேடம் நனைந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் முகம் முழுக்க அதுதான் இருந்தது.

மேலே இருந்தவர்களுக்கு இது தெரியாது. மெட்டில் போன் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் பெண்கள் சரிவைச் சுற்றிக் காட்டு வழியில் நடந்து இறங்கி, முந்தலில் வண்டி பிடித்து வந்தார்கள். அவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் காத்து நின்றேன். பாண்டியம்மா என்னைத் தாண்டி ஓடிவிட்டார். வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு இல்லை. உள்ளே இடுப்பளவு சேறு. கட்டில் இருந்த இடத்தில் கட்டில் இல்லை. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏ பாண்டி!" மில் படியிலிருந்து முத்தையா கத்தினார். "அங்க என்னத்த தேடுற? நான் இங்க இருக்கேன். ஒரு மனுசன் ராத்திரி பூரா சண்முகத்தாய் பேசுறதக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கேன், நீ சாவகாசமா வர்ற!"

பாண்டியம்மா ஓடி வந்து அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எழுந்தபோதுதான் வலது கை இன்னும் மூடியே இருப்பதைக் கவனித்தேன். விரித்தார். புதுப் பூட்டின் சாவி. ராத்திரி முழுக்கப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் சாவியின் அச்சு விழுந்திருந்தது. நேராக மில்லுக்குள் போய், பலகையில் சிவப்பு ஆணியில் அதை மாட்டினார்.

"கிறுக்கி, அந்த வீட்டுக்குக் கதவே இல்லையேடி" என்றார் சண்முகத்தாய் அக்கா.

"கதவு வாங்கிக்கிறலாம்க்கா. ஆளு இருக்குல்ல."